ஜூன் விடுமுறைக்கு ஒரு பெரிய எண்: எதை எடுப்பது?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது தரைத்தளத் திறந்த கூடத்தில், சனிக்கிழமை காலையில் ஒரு கணக்கு வட்டம் நடக்கிறது. பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. கல்மேசை இரண்டு, தொடக்கநிலை 5 முதல் உயர்நிலை 2 வரை படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அப்புறம் நான். இது துணைப்பாட வகுப்பு அல்ல, தேர்வுத் தாள் எதையும் தொடுவதில்லை. தமிழில் பேசிக்கொண்டே கணக்குப் போடுவோம், அவ்வளவுதான். இந்த ஜூன் விடுமுறையில் நான்கு சனிக்கிழமைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு அதையே குடைந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். எண்ணைப் பெரிதாக அச்சடித்து மேசைமேல் விரித்துவிடலாம். (தூணில் ஒட்டலாம் என்றால் நகர மன்றத்தில் கேட்க வேண்டும், அந்த வம்பு வேண்டாம்.)

எந்த எண் என்பதில்தான் பேச்சு நீண்டது. நிபந்தனை இரண்டு வைத்தோம். பார்த்தவுடன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடக் கூடாது, ஆகவே குறைந்தது ஆறு இலக்கம் வேண்டும். அடுத்தது, அந்த எண்ணைப் பற்றி நாங்கள் என்ன சொன்னாலும் ஒரு பிள்ளை பென்சிலும் தாளும் வைத்துச் சரிபார்க்க முடிய வேண்டும். “பெரியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், நம்பிக்கொள்” என்று எந்த இடத்திலும் சொல்லக் கூடாது. முதல் நிபந்தனைக்கு ஆயிரம் எண் கிடைக்கும். இரண்டாவதுதான் நல்ல நல்ல எண்களையெல்லாம் வெளியே தள்ளியது.

1729-ஐ முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆசிரியை அக்கா முதல் நாளே, “தம்பி, ராமானுஜன் எண் இல்லாம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது: 1-இன் கனமும் 12-இன் கனமும், இல்லாவிட்டால் 9-இன் கனமும் 10-இன் கனமும். அதோடு 1729 = 7 × 13 × 19 என்பதால் அது கார்மைக்கேல் எண் என்ற வகையிலும் சேரும். அதாவது பகா எண்ணைக் கண்டுபிடிக்க பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா தந்த சோதனையில், தான் பகா எண் என்று நம்மை ஏமாற்றிவிடக்கூடிய எண். அருமையான எண்தான். ஆனால் இலக்கம் நான்கு. ராமானுஜனைப் பார்க்க ஹார்டி 1729 எண் டாக்சியில் வந்த கதையும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மனப்பாடம். தள்ளி வைத்தோம். அக்காவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

அடுத்து வந்தது என் யோசனை, அஞ்சல் குறியீடு. 1995 முதல் இங்கே அது ஆறு இலக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் என்றால் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கும் தேக்கா நிலையம் புளோக் 665, குறியீடு 210665. பிரித்துப் பார்த்தால் 5 × 7 × 13 × 463. நான்கும் பகா எண், எதுவும் இரண்டு தடவை வரவில்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் 188064. அது 2-இன் ஐந்தாம் அடுக்கு × 9 × 653.

இங்கே ஒரு பழைய வகைப்பாட்டைக் காட்டலாம். ஒரு எண்ணின் காரணிகளில் அந்த எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டல் அந்த எண்ணைவிடக் குறைந்தால் குறை எண், கூடினால் மிகை எண், சரியாக அதே எண் வந்தால் நிறைவெண். 210665-க்குக் கூட்டல் 101143, அதாவது குறை. 188064-க்கு 347562, அதாவது மிகை. தேக்காவில் குறை, நூலகத்தில் மிகை! சாப்பாட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால் நேர் எதிராக வரும்.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலின் 058793 இன்னும் சுவாரஸ்யமான தொல்லை கொடுக்கிறது. முன்னால் இருக்கும் பூச்சியத்தை என்ன செய்வது? எண்ணாக எடுத்தால் அது 58793, அதாவது 7 × 37 × 227. குறியீடாக எடுத்தால் பூச்சியத்தை விட்டால் கடிதம் போய்ச் சேராது. இதைப் பற்றி ஒரு காலை முழுக்கப் பேசலாம். ஆனால் நான்கு வாரம் தாங்காது. அஞ்சல் குறியீடுகளில் பெரும்பாலானவை சாதாரண எண்கள், பிரித்தால் அதோடு கதை முடிந்துவிடும். முதல் சனிக்கிழமை ஆளுக்கு அவரவர் வீட்டுக் குறியீட்டைப் பிரிக்கச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்ற அளவில் வைத்துக்கொண்டோம்.

அப்புறம் 142857. இதை மேசையில் போட்டால் பிள்ளைகள் கை தட்டும். 2-ஆல் பெருக்கினால் 285714, 3-ஆல் 428571, 4-ஆல் 571428, 5-ஆல் 714285, 6-ஆல் 857142. அதே ஆறு இலக்கங்கள் ராட்டினம் போலச் சுற்றி வருகின்றன. 7-ஆல் பெருக்கினால் 999999. ஒன்றை ஏழால் வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் திரும்பத் திரும்ப வருவது இந்த எண்தான் என்று தெரிந்ததும் மாயம் புரிந்துவிடும். வகுத்தலில் 1 முதல் 6 வரை எல்லா மீதியும் ஒரு சுற்று வருகிறது, அதனால்தான் இலக்கங்களும் சுற்றுகின்றன. இன்னொரு குணமும் உண்டு. இதன் வர்க்கம் 20408122449. அதை 20408 என்றும் 122449 என்றும் வெட்டிக் கூட்டினால் மறுபடி 142857. தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகரின் பெயரால் இந்த வகை எண்களை அழைக்கிறார்கள்.

எனக்கு இதன்மேல் ஆசை அதிகம். ஆனால் சோதனைக்காக ஒரு சனிக்கிழமை கொடுத்துப் பார்த்தபோது இருபது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. ஏழாம் வாய்ப்பாடு தெரிந்த தொடக்கநிலை 5 பையன், “ஓ, ஒன் ஓவர் செவனா” என்று சொல்லிவிட்டு மைலோ குடிக்கப் போய்விட்டான். ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம்.

720720 வேறு மாதிரி. இதில் மாயம் ஒன்றும் கிடையாது, வசதிதான் உண்டு. 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் இது. மொத்தக் காரணிகள் 240. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணி கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் காரணி எண்ணிக்கையில் முந்தும் எண்களைத்தான் ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அவருடைய பட்டியலிலேயே 293318625600 விடுபட்டுப் போனது. கையால் போட்ட கணக்கு, ஒன்று தவறியிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் ராமானுஜன் இன்னும் நெருக்கமாகிவிடுவார் என்று நினைக்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னதும் அவருக்கும் 1729 வருத்தம் கொஞ்சம் தணிந்தது. “அப்ப ராமானுஜனை உள்ள கொண்டு வந்துட்டீங்க, சரி.”

இந்த எண் 720, 720 என்று இரண்டு தடவை எழுதினது போல இருப்பதும் தற்செயல் அல்ல. அப்படி எழுதும் எந்த ஆறிலக்க எண்ணும் 1001-இன் மடங்கு, 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே 720-க்குள் இல்லாத 7, 11, 13 மூன்றும் ஒரே அடியில் வந்து சேர்கின்றன. 17-ஆல் வகுத்தால் மட்டும் 5 மீதி.

இங்கே அக்கா ஒரு நல்ல கேள்வி போட்டார். அவர் தாத்தா பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடி படித்தவராம். “மா, காணி, முந்திரி எல்லாம் இதுல சரியா வருமா?” ஒரு மா என்பது இருபதில் ஒரு பங்கு, 720720-இல் 36036, சரி. காணி எண்பதில் ஒரு பங்கு. 9009, அதுவும் சரி. முந்திரி 320-இல் ஒரு பங்கு. 2252, அப்புறம் ஒரு கால் தொங்கி நிற்கிறது. 320-க்குள் ஆறு இரண்டு இருக்கிறது, 720720-க்குள் நான்கு இரண்டுதான். எல்லோருக்கும் பங்கு வைக்கும் எண் என்று பெயர் வாங்கியதும் நம் முந்திரியிடம் தோற்றுப்போனது. எனக்கு அந்தக் காலைப் பொழுதில் மிகவும் பிடித்தது தொங்கி நின்ற அந்தக் கால்தான்.

தொடக்கநிலைப் பிள்ளைகள் மட்டும் இருந்திருந்தால் 720720-ஐ எடுத்திருப்பேன். உயர்நிலைப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வாரத்தில் சலித்துவிடும். காரணி எண்ணும் வழி ஒன்று தெரிந்ததும் மிச்சம் வெறும் வேலைதான்.

33550336 கடைசி வரை போட்டியில் நின்றது. ஐந்தாவது நிறைவெண். 6, 28, 496, 8128, அதற்கு அடுத்து இதுதான். நடுவே அவ்வளவு பெரிய பள்ளம். தன்னைத் தவிர மற்ற காரணிகளைக் கூட்டினால் தானே வருகிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் “எங்கே, காட்டுங்கள்” என்றுதான் கேட்கும். காட்ட முடிகிறது என்பதுதான் இதன் அழகு. 33550336 = 4096 × 8191. 8191 பகா எண். ஆகவே காரணிகள் இரண்டு அணியாகப் பிரிகின்றன. முதல் அணியில் 1, 2, 4, 8 என்று 4096 வரை. அவற்றைக் கூட்டினால் 8191. இரண்டாவது அணியில் 8191-இன் அதே மடங்குகள், 2048 மடங்கு வரை. கூட்டினால் 4095 தடவை 8191. முதல் அணியின் 8191-ஐ இதோடு சேர்த்தால் 4096 தடவை 8191. முடிந்தது. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் ‘மூலங்கள்’ தொகுப்பின் ஒன்பதாம் நூலில் சொன்ன வழி இதுதான். இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறது, அதுவும் ஒரு நிறைவெண் என்பது கூடுதல் மிட்டாய்.

“8191 பகா எண்தானா?” என்ற கேள்வியையும் விடக் கூடாது. 90 வரை உள்ள பகா எண்கள் 24, அவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும். குறுக்குவழி தெரிந்தவர்களுக்கு இரண்டே வகுத்தல்: 8191 என்பது 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அப்படிப்பட்ட எண்ணின் பகாக் காரணி 26-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். 90-க்குள் அப்படி 53-உம் 79-உம் மட்டும். 53-இல் 29 மீதி, 79-இல் 54 மீதி. ஒற்றைப்படை நிறைவெண் ஒன்று உண்டா என்பது இன்னும் யாருக்கும் தெரியாத கேள்வி என்பதால் கடைசி வாரத்துக்கும் தீனி இருக்கிறது.

பிறகு ஏன் இதை எடுக்கவில்லை? எண் தவறே செய்வதில்லை. முதல் நாள் சொன்ன பெயருக்கு ஏற்றபடி கடைசி நாளும் நடந்துகொள்கிறது. யாரும் எதையும் தப்பாக ஊகித்து மாட்டிக்கொள்ள இடமில்லை. பிள்ளைகள் தப்பாக ஊகிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

இனி இரண்டு பத்திலக்க எண்கள். நான் வாங்கிவந்த கால்குலேட்டரில் இவற்றை அடித்துப் பார்த்தபோது திரை எட்டு இலக்கத்தோடு நின்றுவிட்டது. அப்போதுதான் நான் வாங்கியது எவ்வளவு மலிவு என்பது தெரிந்தது. பிள்ளைகளின் அறிவியல் கால்குலேட்டர்களில் பத்து இலக்கம் வரும். சிலவற்றில் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்துக் காட்டும் விசையே உண்டு. அந்த விசைக்கு ஜூன் மாதம் முழுக்கத் தடை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

முதலாவது 2147483647. நம் முறையில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கணினிக்காரர்களுக்கு இது வீட்டு வாசல் எண் போல. 32 பிட் (0 அல்லது 1 வைக்கும் 32 இடம்) வைத்து எண்ணும் முறையில், கூட்டல் குறி பக்கத்தில் இதற்கு மேல் இடம் இல்லை. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று கணக்கு தீர்ந்துவிடும். சிங்கப்பூர் நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடி. பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. என் மகள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கணக்கில் இதன் பெருமை, இது பகா எண் என்பது. 1772-இல், கண்பார்வை ஏறத்தாழப் போய்விட்ட நிலையில், சுவிஸ் கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்தார். அதற்கப்புறம் சுமார் ஒரு நூற்றாண்டு மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இதுவே இருந்தது. தள்ளியது எங்கள் இரண்டாவது நிபந்தனை. நேர்வழியில் சரிபார்க்க 46341-க்குள் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 4,800 வகுத்தல். ஆய்லரின் குறுக்குவழியில் போனாலும் 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் சுமார் 370. எட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க வகுத்தாலும், நடுவே ஒருவர் தப்பாக வகுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? பகா எண் என்று சொல்வது “இல்லை, இல்லை, இல்லை” என்று முந்நூறு தடவை சொல்வது. அதை நம்பத்தான் வேண்டியிருக்கும். சாட்சி என்று கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

சரி, இரண்டாவது. 4294967297. முந்தைய எண்ணை இரட்டித்து மூன்று கூட்டினால் இது வரும், அவ்வளவு பக்கத்து வீடு. ஆனால் இதன் கதையே தப்பில்தான் தொடங்குகிறது.

2-ஐ எடுத்து வர்க்கம், அதன் வர்க்கம், அதற்கும் வர்க்கம் என்று போய்க்கொண்டே இருங்கள்: 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண். 1640 வாக்கில் ஃபெர்மா இதைப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்க இப்படித்தான் பகா எண்ணாக இருக்கும் என்று நம்பினார். நிரூபணம் கையில் இல்லை என்றும் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த எண்தான் நம்முடையது. 65536-இன் வர்க்கத்தோடு ஒன்று. அவர் 1665-இல் இறக்கும் வரை யாரும் மறுக்கவில்லை. 1732-இல் இருபத்தைந்து வயது ஆய்லர் இதை உடைத்தார்: 641 × 6700417.

இங்கே சாட்சி கையில் இருக்கிறது. ஒரே ஒரு பெருக்கல். தொடக்கநிலை 5 பிள்ளையும் போடலாம். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200, 40-ஆல் பெருக்கினால் 268016680, ஒன்றால் 6700417. மூன்றையும் கூட்டினால் 4294967297. பெரிய மனிதர் சொன்னது தப்பு என்று ஒரு சிறு பிள்ளை தாளில் எழுதிக் காட்டிவிடலாம். எனக்கு இதற்கு மேல் வேறு என்ன வேண்டும் என்று தோன்றியது.

ஆனாலும் ஒரு சோதனை வைக்காமல் முடிவெடுக்க மனமில்லை. உயர்நிலை 1 படிக்கும் மகளிடம், இரவுச் சாப்பாடு முடிந்து தட்டை எடுப்பதற்கு முன்னால் கேட்டேன். “641 இதை வகுக்குதான்னு அந்தப் பெரிய எண்ணை எழுதாமலே பார்க்க முடியுமா?” மளிகைக்கடை ரசீதின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டாள். கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டினால் மறுபடி ஒன்று என்று எண்ணுவது போல, 641-ஐத் தாண்டும்போதெல்லாம் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த உதவி.

65536-ஐ 641-ஆல் வகுத்தாள். 102 தடவை போய் 154 மீதி. “இப்ப 65536-ஐ வர்க்கம் பண்றதுக்குப் பதிலா 154-ஐ வர்க்கம் பண்ணா போதுமாப்பா?” போதும். 154 × 154, 23716. அதை மறுபடி 641-ஆல் வகுக்க ஆரம்பித்தாள். 36 தடவை, 23076. கழித்தாள். மீதி 640.

“ச்சே, ஒண்ணு குறையுது” என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டதாக நினைத்து மேலே இருந்த வரிகளைச் சரிபார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, வாயை அடக்கிக்கொண்டு இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் அம்மா, குழம்புப் பாத்திரத்தை எடுக்க வந்தவள், ரசீதை எட்டிப் பார்த்தாள். அப்புறம் மகளே எண்ணைத் திரும்பப் படித்தாள்: வர்க்கம், அதோடு ஒன்று. “அந்த ஒண்ணுதான் மேல இருக்கே!” என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். 640-உம் 1-உம் 641. மீதி பூச்சியம். பத்திலக்க எண்ணை ஒரு தடவைகூட வகுக்காமல், ஐந்து இலக்கத்தைத் தாண்டாமலே வேலை முடிந்துவிட்டது. அந்த ரசீதை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்போதே முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது. மீதி மூன்று வாரத்துக்கும் தீனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இருக்கிறது. “641 எப்படித் தோன்றியது?” என்பது ஒரு வாரம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் கண்டார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது தட்டிலேயே கதவு திறந்துவிடுகிறது. பின்னால் வந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 64-க்குப் பதில் 128 போதும் என்று காட்டினார். அப்படிப் பார்த்தால் 257-க்கு அடுத்தது 641தான். 6700417 மேலும் உடையுமா என்ற கேள்விக்கும் இதே வழி: 257, 641, 769, 1153, 1409, இந்த ஐந்தால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றும் போகாது, ஆகவே அது பகா எண். 2147483647-க்கு 370 வகுத்தல் கேட்ட இடத்தில் இங்கே ஐந்து. எட்டுப் பேரும் தனித்தனியாகப் போட்டு விடையை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வாரம் இந்த எண்ணின் அக்கம்பக்கம். ஒன்று குறைத்தால் 4294967296. இணைய முகவரியின் பழைய முறையில் மொத்தம் இத்தனை முகவரிதான். இன்னும் ஒன்று குறைத்தால் 4294967295. அதைப் பிரித்துப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மாவின் முதல் ஐந்து எண்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. பிள்ளைகள் பெருக்கிக்கொண்டே போகலாம். 15, 255, 65535. 255 வரும்போது கண்டிப்பாக யாராவது “வைஃபை செட்டிங்ல வருமே” என்பார்கள்.

இதிலிருந்து ஒரு படி போனால் வரிசையில் எந்த இரண்டு எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது என்று தெரியும். ஒரு ஃபெர்மா எண், தனக்கு முன்னால் வந்த எல்லாவற்றையும் பெருக்கியதைவிட இரண்டு கூடுதல். ஆகவே இரண்டுக்கும் பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐ வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை, வழியில்லை. ஆக ஒவ்வொரு எண்ணும் புதிதாக ஒரு பகா எண்ணையாவது கொண்டுவருகிறது, வரிசைக்கு முடிவில்லை, பகா எண்களுக்கும் முடிவில்லை. உயர்நிலை 2 பையன்கள் இருவருக்கும் இது போதும் என்று நினைக்கிறேன்.

கடைசி வாரத்துக்கு இன்னும் நல்லது ஒன்று இருக்கிறது. இந்த எண்ணுக்கு அப்புறம் வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைத்ததில்லை. ஃபெர்மா ஊகித்தது எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 20-ஆவது, 24-ஆவது எண்கள் பகா எண் அல்ல என்று நிரூபித்துவிட்டார்கள், ஆனால் அவற்றின் ஒரு காரணியைக்கூட யாரும் கண்டதில்லை. உடைந்தது தெரியும், எங்கே உடைந்தது என்று தெரியாது. அங்கே எங்கள் இரண்டாவது நிபந்தனை நிற்காது. அந்த இடத்தில் “நம்பிக்கொள்” என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அல்லது எப்படிச் சாட்சி இல்லாமலே நிரூபிக்கிறார்கள் என்று அவர்களே பெரியவர்களாகிப் படிக்க வேண்டும். 33-ஆவது எண்ணின் நிலை இன்னும் எவருக்கும் தெரியாது.

இதே கேள்வி உங்களுக்கும் வந்தால் ஒன்று சொல்வேன். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வேடிக்கை வேண்டும் என்றால் 142857. பெருக்கல் வகுத்தல் மட்டும் தெரிந்த சின்னப் பிள்ளைகள் என்றால் 720720, முந்திரியோடு. ஒரே ஒரு நிரூபணத்தை முழுசாகக் காட்ட வேண்டும் என்றால் 33550336. வயது கலந்த கூட்டம், நான்கு வாரம் என்றால் 4294967297-ஐ விடாதீர்கள். 2147483647-ஐ வைத்து மணிக்கணக்கில் பேசலாம், ஆனால் பிள்ளைகள் கையில் செய்ய அதில் வேலை இல்லை.

அச்சடிக்கப் போனபோது கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, “பத்து இலக்கமா இருக்கே, இந்தியா நம்பரா?” என்று கேட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் கமா. அக்காவுக்கு 4,29,49,67,297 என்று லட்சம் கோடியில் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பழகிய 4,294,967,297தான் கண்ணுக்குப் பிடிக்கும். அரை மணி நேரம் வாட்ஸ்ஆப்பில் போனது. கடைசியில் கமாவே போடாமல் அடித்துவிட்டோம். அடியில் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவில், 1729-உம் இருக்கிறது.